புண்ணாக்கைக் குறைப்பதா, கருவேலங்காயைச் சேர்ப்பதா?

விடியற்காலையில் மேலூர்ப் பக்கத்துக் கொட்டில் ஒன்றின் படலைத் திறந்தால், கண்ணைக் கரிக்கும் நெடி முகத்தில் அடிக்கும். காசு கொடுத்து வாங்கிய கடலைப் புண்ணாக்கின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்குதான் அப்படி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. இறைச்சிக்கென வளர்க்கும் காளைக்கன்றுகளின் தீனியில் எதை மாற்றினால் இந்த இழப்பு குறையும்?

முதல் வழி, புண்ணாக்கின் அளவைக் குறைப்பது. 200 கிலோ எடையுள்ள கன்று நாளுக்கு 4 கிலோ வைக்கோலும் 1 கிலோ புண்ணாக்கும் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைக்கோலில் 4 சதவீதமும் புண்ணாக்கில் 42 சதவீதமும் புரதம் என்றால், உள்ளே போவது 580 கிராம் புரதம், புரதத்தில் ஆறேகாலில் ஒரு பங்கே தழைச்சத்து என்பதால் அதை 6.25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 93 கிராம் தழைச்சத்து. நாளுக்கு 300 கிராம் எடை கூடினாலும் உடலில் தங்குவது 10 கிராம் அளவே. மிச்சம் 83 கிராம் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடும். அரைக் கிலோ புண்ணாக்குக்குப் பதிலாக இடித்த மக்காச்சோளம் அரைக் கிலோ வைத்தால், அதே வளர்ச்சிக்கு வெளியேறுவது சுமார் 56 கிராம்தான். முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பிடித்துத் தம் உடலாக்கிக்கொள்ள மாவுச்சத்து வேண்டும். அது போதாதபோது மிஞ்சும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது.

இரண்டாவது வழியான கருவேலங்காய் வேறு வகையில் வேலை செய்கிறது. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், முதல் இரைப்பையில் புரதத்தைப் பற்றிக்கொண்டு உடனே சிதையவிடாமல் காக்கிறது. நான்காம் இரைப்பையின் அமிலத்தில் அந்தப் பிடி பெருமளவு தளர்கிறது. வெளியேறும் மொத்தத் தழைச்சத்து இதனால் பெரிதாகக் குறைவதில்லை. மூத்திரத்தில் போக வேண்டியதில் ஒரு பகுதி சாணத்துக்கு மாறுகிறது. உரத்துக்காக மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடும் நம் மண்ணில் இந்த மாற்றத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. மூத்திர யூரியா ஓரிரு நாளில் அம்மோனியாவாகி, சித்திரை வெயிலில் விரைந்து ஆவியாகிவிடும். சாணத்தில் இருப்பதோ மண்ணில் மெல்லக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். ஆனால் டானின் மிகுந்தால் மாடு தீனியை ஒதுக்கும், செரிமானமும் குறையும் என்பதால், சிறு அளவில் தொடங்கித்தான் கூட்ட வேண்டும். சீமைக் கருவேலங்காயை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இனிப்புள்ள தீனி, இடிக்காமல் கொடுத்தால் விதை சாணத்தோடு வந்து வயலில் முளைத்துவிடும்.

மூன்றாவது, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடி வைத்துப் பதப்படுத்துவது. வெறும் வைக்கோலை நம்பியிருக்கும் மாட்டுக்கு இது நல்ல துணை. புண்ணாக்கும் தின்னும் கன்றுக்குக் கொடுத்தால் அந்தத் தழைச்சத்து பெரும்பாலும் மூத்திரத்தில்தான் முடியும்.

ஆகவே, கொட்டிலில் கட்டி வளர்ப்பவர் முதலில் புண்ணாக்கைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுவதே சரி; செலவும் அங்கேதான் மிச்சமாகும். கிடை போடுபவர் கருவேலங்காயை முயலலாம், ஆனால் கிடை எழுப்பிய மறுநாளே உழுது மூடாவிட்டால் அதனால் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி கையை விட்டுப் போகலாம்.