அப்பாவின் பி16 ரிப்போர்ட்: ஒரு லேப் அனுபவம்

அப்பாவுக்கு வலது டான்சிலில் கட்டி. பயாப்சி செய்த ஆஸ்பத்திரியிலிருந்து, சதைத்துண்டைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கை வாங்கி, பி16 டெஸ்டுக்காக மதுரையில் ஒரு லேபில் கொடுத்தேன். புற்று எச்பிவி என்ற வைரஸால் வந்ததா என்பதை, செல்களில் உள்ள பி16 புரதத்தை வைத்துக் காட்டும் டெஸ்ட் இது. தீப்பெட்டியைவிடச் சின்ன மெழுகுக் கட்டி. வெயிலில் உருகிவிடுமோ என்ற பயத்தில், பஸ்ஸில் கைக்குட்டையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த அக்கா பிளாக் நம்பரை இரண்டு முறை சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார். மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஐந்தாம் நாள் வந்த ரிப்போர்ட்டில்தான் குறை. 'பாசிட்டிவ்' என்று ஒரே சொல், சதவீதம் இல்லை. குறைந்தது 70 சதவீதப் புற்றுச் செல்களில், உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அழுத்தமாக நிறம் ஏறியிருந்தால்தான் பாசிட்டிவ். கேட்டதும் பத்தாலஜிஸ்ட் மேடம் உள்ளே கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். காப்பிப்பொடி கொட்டியதுபோல் எங்கும் பழுப்பு. மறுநாளே திருத்தித் தந்தார்கள்.

ஏன் இவ்வளவு கேட்டேன் என்றால், 2010-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், தொண்டைப் புற்றில் எச்பிவி இருந்தவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57. ஆனால் நிறையப் புகைத்தவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது. அப்பா முப்பது வருஷம் பீடி. அதை ரிப்போர்ட் சொல்லாது, டாக்டரிடம் நாம்தான் சொல்லவேண்டும்.

நாக்கின் முன்பகுதி, கன்னத்தில் வந்த புற்றுக்கு இந்த டெஸ்ட் அவ்வளவு உதவாது; பணம் கட்டும்முன் டாக்டரிடம் கேளுங்கள். பிளாக்கையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள். பின்னால் பிடி-எல்1 (இம்யூனோதெரபி மருந்து உதவுமா என்று பார்க்கும் டெஸ்ட்) பார்க்கச் சொன்னால் அது தேவைப்படும்.