வீட்டில் வேதபாடம்: பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்திப் பார்த்தவை

வீட்டுக்கல்வி தொடங்கும் கிறிஸ்தவப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "வேதபாடத்துக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்கினீங்க?" என்பதுதான். கணக்குக்கும் அறிவியலுக்கும் என்ன புத்தகம் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் பினாங்குத் தீவில், கெலுகோர் பக்கம் இருக்கும் லுத்தரன் குடும்பம். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயதானபோது தொடங்கினோம், இப்போது அவளுக்குப் பதினேழு. அடுத்தவனுக்குப் பன்னிரண்டு, கடைக்குட்டிக்கு எட்டு. மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்பதால் வீட்டில் கற்பிக்க விரும்புகிறவர்கள் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை. தேசியப் பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி உண்டு, வேதபாடம் கிடையாது. பள்ளிக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பது வீட்டின் வேலையாகத்தான் இருக்கிறது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் நிலைத்தவை இரண்டு: வேதாகமத்தை ஒவ்வொரு புத்தகமாக, அதிகாரம் விடாமல் சத்தமாக வாசிப்பது ஒன்று, மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு புத்தகம்) மற்றொன்று. மற்றவை கொஞ்ச காலம் துணைக்கு வந்து அலமாரிக்குப் போய்விட்டன.

அப்படிப் போனவற்றில் பெரியது, வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வரவழைத்த பாடத்திட்டம். பெயர் வேண்டாம். ஆறேழு வயதுக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. படங்கள், வெட்டி ஒட்டும் தாள்கள், மனப்பாட வசனத்துக்கு வண்ண அட்டைகள் எல்லாம் இருந்தன. அம்மாவுக்கு முன்னேற்பாட்டு வேலையே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதானதும் பிள்ளை அதைத் தாண்டிவிடுகிறது. "பேழையைக் கட்டியவர் ____" என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் பிள்ளைக்கு, எட்டுப் பேர் மட்டும் ஏன் தப்பினார்கள் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை. உதாரணங்களும் நமக்கு எட்டாதவை. பனி, கோதுமை வயல், நன்றி அறிதல் நாளின் வான்கோழி. அறிவியல் புத்தகத்தையும் அதே பெட்டியில் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுதான், இதை ஏற்காதவனுக்கு விசுவாசமே இல்லை என்கிற தொனி அதில். அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆதியாகமத்தின் ஆறு நாள் எப்படிப்பட்ட நாள் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளே ஆதிமுதல் வேறுவேறு கருத்து உண்டு. 5ஆம் நூற்றாண்டில் சபைப் பிதா அகஸ்தீனே அவை நாம் அறிந்த சாதாரண நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். மூத்தவள் உயிரியல் படிக்கும்போது இதைச் சொல்லி வைத்திருந்தது உதவியது. சிருஷ்டிகர் ஒருவர் உண்டு என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். நாட்களின் நீளத்தைப் பற்றி அவளுக்கு இன்னும் கேள்விகள் உண்டு. அதுவும் சரிதான்.

இப்போது வாசிப்புக்கு வருகிறேன்.

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகச் சொல்ல மாட்டேன். லேவியராகமத்தில் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். மாற்கில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், கதை ஓட்டமாகப் போகும். அப்புறம் ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் பாதி, ரூத், சாமுவேலின் இரண்டு புத்தகங்கள், லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள். நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்களைப் பன்னிரண்டு வயதுக்கு முன் எடுக்க வேண்டாம். ஆனால் எடுத்த புத்தகத்தை முடிக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்த படப்புத்தகங்களில் மீன் யோனாவைக் கரையில் கக்கியதும், நினிவே மனந்திரும்பியதும் கதை முடிந்தது. வேதாகமத்தில் நாலாவது அதிகாரம் ஒன்று இருக்கிறது. நினிவே அழியவில்லையே என்று யோனா கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு உட்காருகிறார். ஒரு ஆமணக்குச் செடி முளைத்து நிழல் தருகிறது, மறுநாள் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது. செடிக்காகப் பரிதபிக்கிற யோனாவிடம், இலட்சத்து இருபதாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகங்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. பையனுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அடுத்த புத்தகமான மீகா தொடங்கியிருந்தது. மறுபடி பின்னால் திருப்பி, "அம்மா, யோனா என்ன பதில் சொன்னாரு?" என்றான். எழுதவில்லை என்றேன். "அப்ப கடவுள் மாடு ஆட்டையும் எண்ணி வெச்சிருக்காரா?" அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. பிடிக்காதவர்களுக்குக் கடவுள் இரங்கினால் நமக்குக் கோபம் வருமா என்று மதியச் சாப்பாடு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளில் இந்தப் பேச்சு வந்திருக்காது.

எந்த மொழிபெயர்ப்பு என்றால், நான் பழைய தமிழ்த் திருப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பேன், பிள்ளைகள் ஆங்கிலத்தில் தொடர்வார்கள். ஆராதனையில் கேட்பது அந்தத் தமிழைத்தான் என்பதால் காது பழகிவிடுகிறது. கடினமான இடத்தில் நிறுத்தி வீட்டுத் தமிழில் சொல்லிவிடுவேன்.

ஒலி வேதாகமச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். காருக்கு மிக நல்லது. மாமியார் வீடு புக்கிட் மெர்த்தாஜாமில் இருப்பதால் பினாங்குப் பாலத்தில் அடிக்கடி போவோம், நெரிசலில் இரண்டு அதிகாரம் முடிந்துவிடும். அந்தப் பாலமே எங்களுக்கு ஒரு பாடமானது. பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். கலிலேயாக் கடல் அகலமான இடத்தில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். உண்மையில் அது நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அதனால்தான் மலைக்காற்று சட்டென்று இறங்கி அலையைக் கிளப்பும். யோவான் 6-இல் சீஷர்கள் மூன்று நாலு மைல் படகில் தண்டுவலித்தபோது இயேசு தண்ணீரின்மேல் நடந்து வந்தார் என்றிருக்கிறது. பாலத்தில் கணக்குப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்திருப்பாங்க" என்று மூத்தவள் காட்டினாள். சின்னவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கரையைத் தேடினாள். இருட்டில், எதிர்க்காற்றில், இங்கே நடுத்தண்ணீரில் நின்றால் எப்படி இருக்கும் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஞானோபதேசம் 1529-இல் வந்தது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே லுத்தர் அதை எழுதினார், ஆகவே வீட்டுக்கல்விக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து. ஒவ்வொன்றுக்கும் அடியில் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி, சின்னதாக ஒரு பதில். வாரத்துக்கு ஒரு பகுதி எடுக்கிறோம், காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சேர்ந்து சொல்வோம். மனப்பாடம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு அதில் இருக்கும் விளக்கம், பொய் சொல்லாமல் இருப்பதோடு நிற்கவில்லை. பிறனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்ததை நல்லவிதமாக எடுத்துக்கொள் என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டுக்கல்விக் குழுவில் ஒரு பையனைப் பற்றிப் புறம்பேச்சு கிளம்பியபோது, பெரியவர்களே தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், "அவன்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றான் என் பையன். அவனுக்கு அந்த வரி மனப்பாடம்.

இன்னொரு விஷயம். அந்தக் கட்டளை நமக்கும் கத்தோலிக்கருக்கும் எட்டாவது, குழுவில் இருக்கும் பெந்தெகொஸ்தே, மெதடிஸ்ட் பிள்ளைகளுக்கு ஒன்பதாவது. நாம் விக்கிரக விலக்கை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறோம், இச்சியாதே என்பதை இரண்டாகப் பிரிக்கிறோம். கூட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

எந்தப் பாடத்திட்டமும் எங்களுக்கு உதவாத இடம் ஒன்று உண்டு. வாங்கிய புத்தகங்களில் வேறு தெய்வத்தை வணங்குகிறவர்கள் எங்கோ தூரதேசத்தில், பழைய காலத்தில் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது பாட்டி. மாமியார் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவார். தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் அவர் வீட்டில்தான். சின்னவள் ஐந்து வயதில் பாட்டி மடியிலேயே உட்கார்ந்து, "பாட்டி, நீங்க ஏன் இயேசுசாமியைக் கும்பிடலை?" என்று கேட்டாள். பாட்டி சிரித்து, "நீ எனக்கும் சேர்த்துக் கும்பிடு" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம். இயேசு ஒருவரே கர்த்தர் என்று நாம் விசுவாசிக்கிறோம், அதை மறைக்க மாட்டோம். பாட்டி அப்படி விசுவாசிக்கவில்லை, அவருக்காக ஜெபிக்கிறோம். நாலாம் கட்டளைப்படி அவரைக் கனம்பண்ணுகிறோம், அவர் பூஜையறையைப் பற்றி ஒரு ஏளனச் சொல்லும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. அப்போஸ்தலர் 17-ஐ வாசித்தோம். ஏதென்சு முழுக்க விக்கிரகங்களைக் கண்டு பவுல் மனம் கொதிக்கிறார், ஆனாலும் பேச எழுந்து நிற்கும்போது அவர்களுடைய பலிபீடத்தையும் புலவர்களையும் சுட்டி மரியாதையோடு தொடங்குகிறார். நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லுங்கள் என்ற 1 பேதுரு 3:15 எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாட வசனம். தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருப்பார்கள். இந்தப் பாடத்தை நாம்தான் எழுதியாக வேண்டும்.

இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் விவிலிய அறிவு விருப்பப் பாடமாக உண்டு. லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான் பகுதி. மூத்தவள் தனித்தேர்வராக எழுதப் போகிறாள். இரண்டு புத்தகத்தையும் பலமுறை வாசித்திருந்ததால் தயாரிப்பு சுலபமாக இருக்கிறது. தேர்வுக்காக அவள் போடும் குறிப்புகளைக் காலை வாசிப்புக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காலையில் மதிப்பெண் கிடையாது.

வாங்குவதற்கு என்னிடம் பட்டியல் கேட்டால் இவ்வளவுதான்: பெரிய எழுத்து வேதாகமம் தமிழில் ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசிக்கும் மொழியில் ஒன்று, வேதாகம நிலப்படப் புத்தகம் ஒன்று, உங்கள் சபையின் ஞானோபதேசம். படம் ஒட்டும் பெட்டியை ஏழு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் யாராவது பயன்படுத்தி முடித்ததாக இருந்தால் போதும். எங்களுடையதில் முதல் இரண்டு நிலைகள் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. தீவில் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.