வாசிப்பு வட்டத்துக்கு யார்: பீட்டர் சிங்கரா, அமர்த்தியா சென்னா?

மட்டக்களப்பில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குச் சமகால மெய்யியலாளர் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அமெரிக்க மெய்யியலாளர் மைக்கேல் சாண்டெலின் விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தாலும், அவருடைய உதாரணங்களில் பல அமெரிக்க வழக்குகளைச் சுற்றியே அமைந்தவை. ஆதலால் அவரை முதலிலேயே விட்டுவிட்டோம். எஞ்சியவர்கள் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீட்டர் சிங்கரும், இந்தியப் பொருளியலாளரும் மெய்யியலாளருமான அமர்த்தியா சென்னும்.

எளிமையில் சிங்கருக்கே முதலிடம். கிழக்கு வங்க அகதிகளின் பட்டினியை முன்வைத்து 1972 இல் வெளியிட்ட கட்டுரையில், ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற, உடை சேறாகுமே என்று தயங்கலாமா எனக் கேட்டு, அதே கடமை தொலைதேசத்துப் பசிக்கும் பொருந்தும் என்று அவர் வாதிடுகிறார். உயர்தர வகுப்பு மாணவர்கூட ஒரே அமர்வில் விவாதத்தில் இறங்கிவிடுவர்.

ஆயினும், நூல் யாருடைய இடத்தில் நின்று பேசுகிறது என்பதே எங்கள் தெரிவைச் சென் பக்கம் திருப்பியது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது கொடுப்பவரின் கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எங்கள் கரையோரம் எதிர்கொண்டதோ, வந்த உதவியை யாருக்குப் பங்கிடுவது என்ற கேள்வி. சென் 2009 இல் வெளியிட்ட நூலில் ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று பிள்ளைகள் உரிமை கோருகின்றனர்: ஒருவருக்கு மட்டுமே அதை வாசிக்கத் தெரியும், ஒருவரிடம் விளையாட்டுப் பொருள் எதுவுமே இல்லை, மற்றவர் அதைத் தன் கையால் செய்தவர். மூன்று நியாயங்களில் எதையும் எளிதில் தள்ளிவிட முடியாது என்பதே அவருடைய வாதம். அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தோருக்காகச் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகள், பங்கீடு பற்றிய வழக்கினால் ஆண்டுக்கணக்காக வெறுமையாகக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு இது வெறும் புதிர் அல்ல. இழந்தவரின் தேவை, அரச காணியில் அனைவருக்குமுள்ள உரித்து, நிதி தந்தவரின் நோக்கம் ஆகிய மூன்றையும் எங்கள் அம்பாறை நண்பர்கள் உடனே எடுத்துவைத்தனர். அன்றைய அமர்வு இணக்கமாக முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ட சென், நாட்டில் உணவு இருந்தும் அதைப் பெறும் வழியை இழந்தவர்களே மடிந்தனர் என்று 1981 இல் காட்டியதும் இதே பங்கீட்டுக் கேள்வியோடு சேர்ந்ததுதான்.

பலரின் விருப்பங்களிலிருந்து ஒரு கூட்டு முடிவை எட்டுவது எப்படி என்று ஆராயும், கணிதம் மிகுந்த அவருடைய சமூகத் தெரிவுக் கோட்பாட்டை நாங்கள் இன்னும் தொடவில்லை. அதையும் வாசித்தவர்கள் வேறுவிதமாக மதிப்பிடக்கூடும். ஊருக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவினர்கள் தமக்குள் இத்தகைய வட்டம் ஒன்றைத் தொடங்கினால், அவர்களுக்குச் சிங்கரையே பரிந்துரைப்பேன்.