முதல் மரதனை எங்கே ஓடலாம்? கொழும்பு, சென்னை, சிங்கப்பூர், மும்பை, நியூயோர்க்

வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியப்புறம் ஓட வருகிறவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழும். அரை மரதன் ஓடி முடித்தாயிற்று. முழுத் தூரமான 42.195 கிலோமீற்றரை முதன்முதலில் எந்த ஊரில் ஓடுவது? பெரும்பாலானோர் உடனே விசாரிப்பது பாதை மட்டமா மேடா என்று. அடுத்தது செலவு. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் ஓடிவிட்டு வந்தவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, எனக்கு இப்போது முதலாவதாகத் தோன்றும் கேள்வி இன்னொன்று: முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு வீதியோரம் ஆள் நிற்குமா?

தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு பலருக்கும் 30க்கும் 35க்கும் இடையில் வற்றத் தொடங்கும். அதுவரை கால் தன்பாட்டில் ஓடியிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீற்றரையும் மனசுதான் பிடித்துத் தள்ள வேண்டும். அந்தக் கடைசிப் பத்தில் என்ன காத்திருக்கிறது என்பதை வைத்தே இந்த ஐந்து ஊர்களையும் எடைபோடுகிறேன்.

நம்முடைய உடம்பு எதற்குப் பழகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் அதிகாலையிலேயே 25 பாகை வெப்பம், ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருக்கும்போது அது சும்மா வழிந்து சொட்டும். உள்சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்பும். அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பினால், வரும்போது சப்பாத்துக்குள் சளக் சளக்கென்று தண்ணீர் அடிக்கும். இந்தப் புழுக்கம் நமக்குப் பழக்கம். பழக்கமில்லாதவை ஏற்றமும் குளிரும். கொழும்பு தட்டையான ஊர்; மேம்பாலங்களை விட்டால் ஏற இங்கே ஒன்றும் கிடையாது.

முதலில் சொந்த ஊர். கொழும்பு மரதன் வழக்கமாக ஒக்டோபரில் நடக்கும். கொழும்பில் தொடங்கி, களனி ஆற்றைக் கடந்து, நீர்கொழும்புக் கடற்கரையில் முடிவதுதான் இதன் பேர்போன பாதை. மட்டமான பாதை, பழகிய காலநிலை, வீசா வேண்டாம், ஹோட்டல் வேண்டாம், முதல் நாள் இரவு அம்மாவின் சோறு. கடதாசியில் பார்த்தால் முதல் மரதனுக்கு இதைவிட நல்லது இருக்கவே முடியாது. ஓடியவர்கள் சொல்வது வேறு கதை. ஆரம்பத்தில் கூட்டம் கலகலப்பாக இருக்கும். பாதித் தூரத்துக்குப் பிறகு முழுத் தூரக்காரர்கள் சிதறிப்போவார்கள். முன்னால் ஒரு முதுகு, பின்னால் வெறும் வீதி, தலைக்கு மேல் எட்டு மணி வெயில். எங்களோடு ஓடும் ஆசிரியர் ஒருவர் சொன்னது: “வெயிலைத் தாங்கலாம் அண்ணை. ஒரு சனமும் இல்லாமல் அரை மணித்தியாலம் ஓடினதைத்தான் தாங்கேலாமல் கிடந்தது.” ஒக்டோபர் இடைப்பருவ மழைக்காலம் என்பதால் காலநிலையையும் கணிக்க முடியாது. முகில் மூடினால் அதிர்ஷ்டம்.

கொழும்பு ஓட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்து மணித்தியாலம் வியர்த்துக்கொண்டு வெறும் தண்ணீரை மட்டுமே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலை சுற்றல், வாந்தி, குழப்பம் என்று தொடங்கி ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். கையில் ஒரு ஜீவனிக் கரைசலாவது இருக்க வேண்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும், போட்டிக்குக் குடிக்க வேண்டாம்.

அரை மரதனுக்குக் கொழும்பு அருமையான ஊர். முழுத் தூரத்துக்கு, தனிமையைத் தாங்கக்கூடிய மனசுள்ளவருக்கு மட்டும்.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணித்தியால விமானம், தண்ணீர் மேசையில் தமிழில் உற்சாகப்படுத்தும் குரல்கள், ஜனவரியின் இதமான காலை. நேப்பியர் பாலத்தடியில் இருட்டோடு தொடங்கி மெரினாவைத் தொட்டு ஓடுவது நல்ல அனுபவம். செலவு குறைவாகவும் ஏற்றம் இல்லாமலும் வேண்டும் என்பவர் தயங்காமல் போகலாம். பின்பாதி நீளமாகவும் சலிப்பாகவும் இருந்தது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நம்மூர் வீதியிலேயே ஓடியதுபோல் இருந்தது என்றும் சொல்கிறார்கள்.

சிங்கப்பூர் டிசெம்பரில். 1982இலிருந்து நடக்கும் ஓட்டம். ஒழுங்கு என்றால் அதுதான்: தண்ணீர் தீராது, பாதை குழம்பாது, நமக்கு வீசாவும் தேவையில்லை. வெக்கைக்குப் பயந்து 2019இல் முழு மரதனைச் சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிப் பார்த்தார்கள். பிறகு விடியற்காலைக்குத் திரும்பினார்கள். எந்த நேரம் தொடங்கினாலும் ஈரப்பதன் நம்மூர் ஈரப்பதன்தான். அங்கே சிக்கல் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். கடலோரப் பூங்காவுக்குள் மரங்களுக்கு நடுவே நீண்டு போகும் அந்தத் துண்டில் பார்வையாளர் குறைவு, வளைவுகள் குறைவு, முடிவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே நடக்கத் தொடங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லாரும் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். கொழும்பின் புழுக்கத்தையும் கொழும்பின் தனிமையையும் வெளிநாட்டுச் செலவில் வாங்குவானேன் என்பதே என் எண்ணம். இரண்டாவது, மூன்றாவது மரதனுக்குப் போகலாம்.

மும்பைக்கு வருவோம். 2004இல் தொடங்கிய இந்த ஓட்டம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கும். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்கு முன்னால் விடியற்காலை இருட்டில் தொடங்கி, அவர்களுடைய மரைன் டிரைவ் வழியே கிர்காவ் சௌபாத்தியைக் கடந்து, பெடர் ரோடு மேட்டில் ஏறி, ஹாஜி அலி, வோர்லி என்று போவதுதான் இதன் பேர்போன பாதை. பிறகு பாந்த்ரா–வோர்லி கடற்பாலம். சாதாரண நாளில் அந்தப் பாலத்தில் கால் வைக்கவே விடமாட்டார்கள். மரதன் அன்று கடல்காற்றில் ஓடிப்போகலாம். மாஹிம், சிவாஜி பார்க் வழியாகத் திரும்பி, வந்த வழியே தெற்கே இறங்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பெடர் ரோட்டை இரண்டு முறை ஏற வேண்டும். முதல் முறை புதுக்கால், இருட்டு, குளிர்ச்சி; ஏறினதே தெரியாது. இரண்டாம் முறை அது வருவது 35ஆவது கிலோமீற்றர் அளவில். ஐந்து மணித்தியாலத்தில் முடிக்கப்போகும் ஒருவர் அங்கே வந்து சேரும்போது ஒன்பது மணி தாண்டியிருக்கும். ஜனவரி என்றாலும் மும்பையின் ஒன்பது மணி வெயில் வெயில்தான். கிளைக்கோஜன் வற்றும் நேரம், வெயில் ஏறும் நேரம், மேடு வரும் இடம் மூன்றும் ஒன்றாய்ச் சேர்கின்றன. பாதைப் படத்தைப் பார்த்து இந்த ஓட்டத்தைக் கைவிட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஓடிவந்த ஒருவரோடு பேசினால் படம் மாறிவிடும். கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் அக்கா ஒருவர், வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகளின் தாய். சிவாஜி பார்க்கிலிருந்து வோர்லி வரை தான் ஓடியது கால்களால் அல்ல என்று சொல்கிறார். வீதியின் இரண்டு பக்கமும் குடும்பம் குடும்பமாகச் சனம். அவர்கள் யாரும் ஏற்பாட்டாளர்கள் இல்லை, பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள். வாளியில் ஐஸ், தட்டில் உப்புத் தூவிய தோடம்பழச் சுளை, பிஸ்கட், கடலை மிட்டாய். ஒரு வயதான அம்மா சுளைகளைக் கொட்டை எடுத்து, நார் உரித்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் மூன்று மூன்றாக வைத்துக்கொண்டிருந்தாராம். அக்கா பழக்கதோஷத்தில் “நன்றி அம்மா” என்று சொல்லிவிட, அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “தமிழாடி? ஓடு ஓடு, நிக்காதே, இன்னும் கொஞ்சம்தான்” என்றாராம். மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்தில் இருக்கும் பகுதி அது. தமிழ்க் குரல் கேட்பதில் அதிசயம் இல்லை. அந்த நேரத்தில் கேட்டதுதான் பெரிது. பெடர் ரோட்டில் அக்கா நடந்துதான் ஏறினார். ஆனால் நிற்கவில்லை, நிற்க விடவில்லை. உச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் அடித்தபடி நின்றார்கள். அங்கிருந்து மரைன் டிரைவ் வரை இறக்கம், பிறகு கடைசி நேர்கோடு.

கொழும்பு உடம்புக்கு மும்பை ஜனவரி ஒரு சலுகையும் தருகிறது. தொடங்கும்போது 20 பாகையை ஒட்டிய வெப்பம்தான். நமக்கு அது குளிர்ச்சி. முதல் இருபது கிலோமீற்றரில் நாடித்துடிப்பு இங்கே ஓடுவதைவிடக் கீழே நிற்கும். அதைக் கண்டு வேகத்தைக் கூட்டினால்தான் ஆபத்து. மிச்சம் பிடித்த பலத்தை ஹாஜி அலி வரை கொண்டுபோக வேண்டும்.

இனி நியூயோர்க். நவம்பர் முதல் ஞாயிறு. 1970இல் சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடிய சிறு ஓட்டம், 1976இல் நகரின் ஐந்து பகுதிகளையும் தொடும் பாதையாக மாறியது. இப்போது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஓடி முடிக்கும் உலகப் பெரு மரதன். இதன் கஷ்டம் எதுவும் கொழும்பில் பழகக் கிடைக்காத கஷ்டம். முதலாவது, காத்திருப்பு. விடியமுன்பே ஸ்டேட்டன் தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். பிறகு தம் முறை வரும்வரை திறந்தவெளிக் குளிரில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். பழைய கம்பளிச் சட்டை போட்டுப்போய்த் தொடக்கத்தில் கழற்றி விட்டுவருவது அங்கே வழக்கம். அவை தருமத்துக்குப் போகும். நம்மிடம் வீட்டில் பழைய கம்பளிச் சட்டை எங்கே இருக்கிறது? புறக்கோட்டையில் தேடித்தான் வாங்க வேண்டும். அன்று அதிகாலைதான் அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் பின்னால் போகும் என்பதால் கூடுதலாக ஒரு மணித்தியாலத் தூக்கம் கிடைக்கும். பத்தரை மணித்தியால நேர வித்தியாசத்தோடு போகிறவருக்கு அது எவ்வளவு உதவும் என்பது சந்தேகம்தான்.

பிறகு பாலங்கள், ஐந்து. வெடி கேட்டதும் வெராசானோ பாலத்தின் ஏற்றம். காற்று பக்கவாட்டில் தள்ளும். சரிபாதியில் புலாஸ்கி. 25ஆவது கிலோமீற்றரில் குவீன்ஸ்பரோ பாலம்: பார்வையாளர் யாரும் இல்லை, சப்பாத்துச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். அது முடிந்து மன்ஹாட்டனின் முதலாம் அவெனியூவுக்குள் திரும்பும்போது வரும் இரைச்சல் பாலத்திலேயே காதில் விழத் தொடங்கும் என்று ஓடியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த உற்சாகத்தில் பலரும் அங்கேயே பலத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு பாலம் பாக்கி. அதற்கும் பிறகு 37ஆவது கிலோமீற்றர் அளவில் ஐந்தாம் அவெனியூ. பார்த்தால் மட்டமான வீதிபோல இருக்கும். கால் மட்டும் ஏற்றம் என்று சொல்லும். பெடர் ரோடு சட்டென்று ஏறி முடிந்துவிடும். இது ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுக்கு மெதுவாக உறிஞ்சும்.

ஆள் நிற்குமா என்ற என் கேள்விக்கு ஐந்து ஊர்களிலும் அதிக மதிப்பெண் நியூயோர்க்குக்குத்தான். பாலங்களைத் தவிர்த்தால் தனிமை என்பதே இல்லை. அப்படியிருந்தும் முதல் மரதனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குலுக்கலில் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் தூதரக நேர்காணல், டொலர் கணக்கில் பதிவுப்பணம், விமானம், தங்குமிடம். பல மாதச் சம்பளத்தைக் கொட்டி ஓடும்போது மனசில் ஏறும் பாரம் பெரிது. முதல் மரதனில் இடையில் விலகும் உரிமை ஒருவருக்கு இருக்க வேண்டும். அவ்வளவு செலவழித்தவர் வலியை மறைத்து ஓடிக் காயப்படுவார். உடம்பு ஒரு மரதனைக் கண்ட பிறகு, நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு பெருநகரம் தன் வீதிகளை முழுதாகத் திறந்துவிடும் நாளைப் பார்ப்பதற்காகப் போகலாம். போகுமுன் நுவரெலியாவில் சில நாள் தங்கி, விடியற்குளிரில் கிரகரி வாவியைச் சுற்றியும் அதைச் சூழ்ந்த மேடுகளிலும் ஓடிப் பழகினால் குளிருக்கும் ஏற்றத்துக்கும் ஒன்றாகப் பயிற்சி.

ஆகவே என் தெரிவு மும்பை. மேடு இருக்கட்டும், அதை இங்கேயே பழகலாம். வழி இதுதான்: இந்த ஒக்டோபரில் கொழும்பில் அரை மரதனை ஓடி, நேரச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். மும்பையில் முழு மரதனுக்குப் பதியும்போது முந்திய ஓட்டத்தின் சான்றிதழ் கேட்பார்கள். எந்தக் காலத்துக்குள் ஓடியது என்ற நிபந்தனையைப் பதியும்போது கவனியுங்கள். பதிவு வழக்கமாக அதற்கடுத்த ஆகஸ்ட் அளவில் திறக்கும், இடங்கள் வேகமாக நிரம்பும். நீண்ட ஓட்டங்களில் சிலவற்றை வேண்டுமென்றே பிந்தித் தொடங்கி, கடைசி எட்டுக் கிலோமீற்றரை வெயிலில் ஓடுங்கள். ஓடி முடித்த பிறகு வீட்டுக்குப் போகாமல் நேரே தெஹிவளை மேம்பாலத்துக்கு வாருங்கள். ஞாயிறு காலையில் வாகனம் குறைவாக இருக்கும்போது ஓரமாக ஆறு முறை ஏறி இறங்கலாம். களைத்த காலோடு ஏறினால்தான் அது பெடர் ரோட்டுக்குப் பயிற்சி. புதுக்காலோடு ஏறுவதில் பயன் இல்லை.