திருகோணமலையில் ‘ஜப்பான் செர்ரி’க் கன்று: வாங்கலாமா?

வீதியோரம் நடப் பூமரம் தேடிப் போகையில், ‘ஜப்பான் செர்ரி’ என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு கன்றை நீட்டினால், விலை கேட்கமுன் இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் ஐந்து சிற்றிலைகள் கைவிரல்போல விரிந்திருந்தால் அது ரொபரோசியா (Tabebuia rosea) என்ற இளஞ்சிவப்புப் பூமரம். பெயர் பொய், மரம் நல்லது, வாங்கலாம். இலையின் அடி ஒருபக்கம் சரிந்து, தொட்டால் பிசுபிசுத்தால் ஜாம் பழமரம். வெள்ளைப் பூ, கீழே நசுங்கும் பழம், இரவில் வௌவால், வீதிக்கு ஆகாது.

விளிம்பில் பல் வெட்டிய தனியிலையும் காம்பின் தலைப்பில் இரண்டு குட்டிச் சுரப்பிகளும் இருந்தால் அநேகமாக அசல் செர்ரிதான். அதைத்தான் வாங்கக்கூடாது. ஜப்பான் தெருக்களில் பூக்கும் சோமெய் யொஷினோ என்ற செர்ரி வகையின் மொட்டு விழிக்க, ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணித்தியாலக் குளிர் வேண்டும். இங்கே ஜனவரி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உரம் போட்டுத் தீரும் குறையல்ல இது.

ரொபரோசியாவில் 3 அடிக் கன்று போதும். பையின் அடியைத் தடவுங்கள். வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம். வளர்ந்தபின் அந்த வேரே அடிமரத்தை நெரிக்கும், வாடைக்காற்றுக்கு மரம் சாயும்.

ஐப்பசி மழை பிடித்ததும் 2 அடி ஆழ, அகலக் குழியில், மூன்று பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய மாட்டெரு கலந்து நடுங்கள். தண்டின் கழுத்தை மண்ணால் மூடினால் அழுகும். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம்: 15 மீற்றருக்குப் போகும் மரம், கம்பிக்காக வெட்ட வெட்ட வடிவம் கெடும்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் என்றால் ஆடு மாட்டோடு மானும் கணக்கில் வரும். புள்ளிமான் பின்னங்காலில் எழுந்து குருத்தைக் கடிக்கும். 3 அடிக் கூடு அதற்கு விளையாட்டு. 6 அடிக் கம்பிவலை போடுங்கள்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதல் இரண்டு வருடமும் மூன்று நாளைக்கொருமுறை இரண்டு வாளி தண்ணீர். சவர்க்கிணற்று நீர் என்றால் இலை விளிம்பு கருகும். உவர்மலை உட்புறங்களில் நடலாம். உப்புவெளிக் கரையோர முதல் வரிசைக்குப் பூவரசுதான் சரி.

மழை ஓய்ந்து வெயில் காய்ந்தபின் ரொபரோசியா இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆனால் விதைக்கன்றைக் காட்டி ‘வாற வருசமே பூக்கும்’ என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். அதற்குச் சில வருடம் பிடிக்கும்.