செக்‌ஷன் 8 வவுச்சர்: கலிபோர்னியா வீட்டுக்காரரும் டெக்சாஸ் வீட்டுக்காரரும்

செக்‌ஷன் 8 வவுச்சர் வைத்திருப்பவர் வீடு கேட்டு வந்தால், கொடுத்தே ஆக வேண்டுமா? அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். இந்த வவுச்சர், குறைந்த வருமானம் உள்ளவரின் வாடகையில் ஒரு பங்கை மத்திய அரசின் பணத்திலிருந்து உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் வீட்டுக்காரருக்குக் கட்டும் உதவி. வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது பதில்.

கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல், வவுச்சரைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ‘செக்‌ஷன் 8 வேண்டாம்’ என்று விளம்பரத்தில் போடவும் கூடாது. டெக்சாஸில் போடலாம். ஆஸ்டின் நகரம் 2014இல் இதற்குத் தடை கொண்டுவந்தது. மறு ஆண்டே, நகரங்கள் இப்படி விதி போடக்கூடாது என்று மாநிலமே சட்டம் இயற்றிவிட்டது. முன்னாள் படைவீரர்களைக் காக்கும் விதிகளுக்கு மட்டும் விலக்கு. 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இனம், மதம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறதே தவிர, வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மலிவு வீடுகளுக்கான மத்திய வரிச்சலுகையில் கட்டிய குடியிருப்புகள் டெக்சாஸிலும் வவுச்சரை மறுக்க முடியாது.

பலரும் கவனிக்காத இடம் வருமானக் கணக்கு. வாடகை 2,000 டாலர், அதில் குடியிருப்பவர் பங்கு 500 என்று வைத்துக்கொள்வோம். ‘வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் வேண்டும்’ என்பது வீட்டுக்காரரின் விதி. முழு வாடகைக்குப் பார்த்தால் மாதம் 6,000 டாலர் காட்ட வேண்டும். அவ்வளவு சம்பாதிப்பவருக்கு வவுச்சரே பெரும்பாலும் கிடைக்காது! கலிபோர்னியாவில் அந்த 500க்குத்தான் கணக்குப் போட வேண்டும், 1,500 போதும். இந்த விதி இல்லாவிட்டால் வவுச்சரை ஏற்பதாகச் சொல்லிக்கொண்டே எல்லோரையும் வடிகட்டிவிடலாம்.

சரி, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு? வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஆணையத்துடன் போடுவது இரண்டு மாநிலத்திலும் அதே மத்திய ஒப்பந்தம்தான். குடியேறும் முன் வீட்டைச் சோதிப்பார்கள். உயிருக்கு ஆபத்தான பழுதை 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள். செய்யாவிட்டால் வீட்டுவசதி ஆணையம் தன் பங்கை நிறுத்தலாம். அந்தத் தொகையைக் குடியிருப்பவரிடம் கேட்க முடியாது, ஆணையம் தரவில்லை என்று அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. வாடகையை மாற்ற 60 நாள் முன்னதாக ஆணையத்துக்கு எழுத வேண்டும். ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் தனியாக ஒரு டாலர் வாங்கினாலும் தவறு.

டெக்சாஸ் வீட்டுக்காரர்களின் மனக்குறையில் ஒரு நியாயம் இருக்கிறது. சோதனை முடியும் வரை வீடு பூட்டிக் கிடந்தால் அந்த நஷ்டம் அவருடையது. அதற்கு ஆணையங்கள் சோதனையை விரைவுபடுத்த வேண்டும். கதவை மூடுவது தீர்வாகாது. கலிபோர்னியாவிலும் பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கலாம், வாடகை ஒழுங்காகக் கட்டினாரா என்று பார்க்கலாம், எல்லோருக்கும் வைக்கும் அதே அளவுகோலில் தகுதியில்லை என்றால் மறுக்கலாம். வீட்டுக்காரர் இழப்பது ‘வவுச்சரா, வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை மட்டும்தான்.

எனக்குக் கலிபோர்னியாவின் வழிதான் சரி. வவுச்சர் கைக்கு வருவதற்கே பல ஊர்களில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு வீடு தேட முதலில் கிடைக்கும் அவகாசம் 60 நாளாகக்கூட இருக்கலாம். ஆணையம் நீட்டிக்காவிட்டால் அதற்குள் வீடு அமையாதவரின் வவுச்சர் காலாவதியாகிவிடும்.