பழைய டாக்டிக்ஸா, பிஎஸ்பி டாக்டிக்ஸா?

ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் என்ற வியூகச் சண்டை வீடியோ கேமை மறுபடி ஆட உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான்: 1997 பிளேஸ்டேஷன் பதிப்பா, 2007 பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் கருவி) பதிப்பா?

கதைக்காக என்றால் பிஎஸ்பிதான். பழையதன் ஆங்கிலம் பல இடங்களில் தடுமாறும். யார் யாருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றே குழம்பிப்போகும். புதியதில் வசனம் சீராக இருக்கிறது, அனிமேஷன் காட்சிகள் வேறு. டார்க் நைட் என்ற புது ஜாப்பும், அதாவது வீரர்களுக்குக் கொடுக்கும் போர்த்தொழிலும், உண்டு. அதை எட்டுவதற்குள் பொறுமை போய்விடும், அது வேறு விஷயம்.

சண்டைக்கு என் ஓட்டு பழையதற்கே. பிஎஸ்பியில் மந்திரம் போட்டால் படம் இழுத்து இழுத்து நகரும்.

ரியோவேன்ஸ் கோட்டையில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். கதாநாயகன் ராம்ஸா தன்னந்தனியாக எதிரி வீக்ராஃபைச் சமாளிக்க வேண்டும். கோட்டைச் சண்டைகளுக்கு இடையில், பழைய சேவ் இருக்கிற அதே ஸ்லாட்டில் சேவ் செய்துவிட்டால் பின்வாங்க வழியில்லை. போன முறை அப்படித்தான் மாட்டினேன். இந்த முறை தனி ஸ்லாட், அப்புறம் ஆட்டோ-போஷன், அதாவது அடி வாங்கியதும் தானாக மருந்து குடிக்கும் திறன்.